முழங்காலும் கிளட்ச் வயரும்

எழுபத்தைந்து வயதில் முழங்கால் வலிப்பது ஒரு செய்தியே அல்ல. அதனால்தான் என் இடது முழங்கால் வலிக்க ஆரம்பித்தபோது நானும் சரி, வீட்டில் இருப்பவர்களும் சரி, யாரும் வேறு காரணம் தேடவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், "தேய்மானம் இருக்கு, வயசுக்கு ஏத்த மாதிரிதான்" என்றார். தைலம் தேய்த்துக்கொண்டேன். முழங்கால் உறை ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டேன். மாடிப்படி ஏறும்போது வலி அதிகம் இல்லை. கடைத்தெரு வரை நடந்தாலும் இல்லை. கார் ஓட்டிவிட்டு வந்தால் மட்டும் இரவு முழுக்கக் குடைந்தது. நாற்பது வருடம் கோப்புகளில் முரண்பாடு கண்டுபிடித்தவன் நான். இந்த முரண்பாடு மட்டும் என் கண்ணில் படவேயில்லை.

கார் என்றால் பெரிய கார் ஒன்றும் இல்லை. மாருதி 800. ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்பு, 2007-ல், சேமநல நிதியில் முன்பணம் எடுத்து வாங்கியது. 1983 டிசம்பரில் முதல் வண்டி டெல்லியில் ஒருவர் கைக்குப் போனதிலிருந்து 2014 ஜனவரியில் கடைசி வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது வரை, நம்மைப் போன்ற சம்பளக்காரர்கள் கார் வைத்துக்கொள்ளலாம் என்று தைரியம் கொடுத்தது அந்த வண்டிதான். மூன்று சிலிண்டர், 796 சி.சி. இன்றைய வண்டிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் குழந்தை மாதிரி இருக்கும். ஆனால் பானெட்டைத் திறந்தால் எது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். என் போன்றவனுக்கு அதுவே போதும்.

புதுச்சேரியில் பிறந்து, பிரெஞ்சு வழியில் படித்து, அங்கேயே அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து ஓய்வு பெற்றவன் செஞ்சியில் ஏன் இருக்கிறேன் என்பது பழைய நண்பர்களுக்குத் தெரியும். இது என் மனைவியின் ஊர். அவள் அப்பா விட்டுப்போன ஓட்டு வீடும் கிணறும் இங்கே இருக்கின்றன. சின்ன வயதில் பள்ளிப் புத்தகத்தில் செஞ்சியைப் பற்றிப் படித்தது புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதியின் பெயரோடுதான். 1750 செப்டம்பரில் ஒரே இரவில் இந்தக் கோட்டையைப் பிடித்தார் என்று வாத்தியார் பெருமையாகச் சொல்வார். 1761-ல் ஆங்கிலேயரிடம் விட்டதை அவ்வளவு சத்தமாகச் சொல்லமாட்டார். புஸ்ஸி வீதியில் நடந்து பள்ளிக்குப் போன பையன், கடைசியில் புஸ்ஸி பிடித்த ஊரிலேயே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே வந்த பிறகு கார்தான் எங்கள் கால். சிங்கவரம் ரங்கநாதர் கோயிலுக்கு, மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு, திண்டிவனத்துக்கு ரயிலேற, புதுச்சேரிக்குப் பென்ஷன் விஷயமாக, எல்லாவற்றுக்கும் அதுதான். எல்லாவற்றுக்கும் மேலே, பதினைந்து நாளைக்கு ஒரு முறை திருவண்ணாமலை. மனைவியின் அக்கா அங்கே மகன் வீட்டில் இருக்கிறார். என் மனைவிக்கு அம்மா சீக்கிரமே போய்விட்டதால் வளர்த்தது இந்த அக்காதான். இரண்டு வருடமாக அவருக்கு ஞாபகம் குறைந்துகொண்டே வருகிறது. பேரன் பெயர் மறந்தது, பிறகு தெருப் பெயர் மறந்தது. தங்கையை மட்டும் மறக்கவில்லை. எங்கள் வண்டிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்து நிற்பார்.

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை நாற்பது கிலோமீட்டருக்குள்தான். பஸ்ஸும் இருக்கிறது. ஆனால் என் மனைவிக்கு இடுப்பில் ஒரு முறை எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறது. பஸ் படி அவளுக்கு எட்டாது.

இந்த நிலையில்தான் போன வருட ஆடி மாதத்திலிருந்து அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பயணங்களைத் தள்ளிப்போட ஆரம்பித்தாள். "இந்த வாரம் வேணாங்க, வெயிலா இருக்கு." "அமாவாசை கூட்டத்துல யாரு போறது, வீட்டுலேயே விளக்கு வெச்சிடறேன்." திருவண்ணாமலைக்கும் அப்படித்தான். "போன்ல பேசிட்டேன், அக்கா நல்லா இருக்காங்களாம்." எனக்கும் உள்ளுக்குள் நிம்மதிதான். முழங்காலுக்கு ஓய்வு கிடைத்ததே என்று நினைத்தேன். அவளுக்கும் வயதாகிறது, ஆசை குறைகிறது என்று ஒரு முடிவுக்கு வந்தேன்.

இதற்கிடையே வண்டியில் இன்னொரு தொல்லை. ஐப்பசி மழைக்குப் பிறகு, கிளட்ச் பெடலை மிதித்துவிட்டுக் காலை எடுத்தால் அது சட்டென்று மேலே வருவதில்லை. யோசித்து யோசித்து வந்தது. சில சமயம் பாதியில் நின்று, பிறகு 'டொக்' என்று ஏறியது. வீட்டில் தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெய் இருந்தது. பெடல் கீல் மேலும், கண்ணுக்குத் தெரிந்த வயர் முனையிலும் நாலு சொட்டு விட்டேன். சரியாகிவிட்டது. பத்து நாள் ஒழுங்காக ஓடியது. அலுவலகத்தில் மனுதாரருக்கு, 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு இடைக்காலப் பதில் போடுவோமே, அது மாதிரி. பதில் போய்விட்டது என்று நாமும் மறந்துவிடுவோம். மனு மட்டும் அப்படியே இருக்கும்.

பெடல் ஒட்டுவது வண்டியின் குறை, பெடல் கனமாக இருப்பது என் காலின் குறை என்று இரண்டு தனிக் கோப்பாக வைத்திருந்தேன். ஒரே விஷயத்துக்கு இரண்டு கோப்பு திறக்கக்கூடாது என்று எத்தனை புது எழுத்தர்களுக்குப் பாடம் எடுத்திருப்பேன்!

திருவண்ணாமலைக்குப் போய் மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. கார்த்திகை தீபக் கூட்டம் ஓய்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே வற்புறுத்தி அழைத்துப்போனேன். வண்டிச் சத்தம் கேட்டு யாரும் வாசலுக்கு வரவில்லை. உள்ளே போனோம். அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தாள். அவர் மரியாதையாகச் சிரித்தார். பிறகு மருமகளைப் பார்த்து, "இவங்க யாரு, உங்க சொந்தமா?" என்று கேட்டார்.

என் மனைவி அழவில்லை. "ஆமாங்கா, சொந்தம்தான்" என்றாள். இரண்டு மணி நேரம் இருந்தோம். ஒரு முறையாவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்று காத்திருந்தாள். சொல்லவில்லை.

திரும்பி வரும்போது இருவரும் பேசவில்லை. செஞ்சியை நெருங்கும்போது சாலை கோட்டைக்கு நடுவே புகுந்து வரும், பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் ராஜகிரி, மறுபக்கம் கிருஷ்ணகிரி. 2025 ஜூலையில் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை மராட்டிய ராணுவ நிலப்பரப்புகளில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. பன்னிரண்டு கோட்டைகளில் தமிழ்நாட்டுக்கு இது ஒன்றுதான். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வண்டிகள் அதிகம். எனக்கு முன்னால் ஒரு வேன் திடீரென்று வேகம் குறைத்தது. நான் பிரேக் பிடித்து, கிளட்சை அழுத்தி, மூன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு மாற்றினேன். காலை எடுத்தேன். பெடல் வரவில்லை. தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டது.

ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி போகமாட்டேன் என்கிறது. பின்னால் பஸ். அவர் ஹாரன் அடிக்கிறார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? வண்டி தானாக உருண்டு உருண்டு வேகம் இழக்கிறது. செருப்போடு கால்விரலைப் பெடலுக்கு அடியில் கொடுத்து மேலே தூக்கினேன். பெடல் ஒரேயடியாக மேலே எகிறியது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுபோனது. பஸ் எங்களை உரசுகிற மாதிரி ஒடித்துத் தாண்டிப் போனது. என் மனைவியின் இரண்டு கையும் டேஷ்போர்டில் இருந்தன. வளையல் ஒன்று உடைந்து மடியில் கிடந்தது.

"ஏங்க, போதுங்க" என்றாள். அவ்வளவுதான்.

மறுபடி கிளட்சைத் தொட எனக்குப் பயம். எங்கள் அலுவலக டிரைவர் ஒருவர் அந்தக் காலத்தில் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. இன்ஜின் அணைந்திருக்கும்போது முதல் கியரைப் போட்டு, கிளட்சைத் தொடாமல் அப்படியே சாவியைத் திருப்பவேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை நாலடி இழுத்து, இன்ஜினும் பிடித்துக்கொள்ளும். இப்போதைய புது வண்டிகள் பலவற்றில் கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும், அதில் இது நடக்காது. எங்கள் வண்டியில் நடந்தது. முன்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, முதல் கியரிலேயே ஓரமாக ஊர்ந்து, வீட்டு வாசலில் சாவியை அணைத்து நிறுத்தினேன்.

அன்று இரவே மகனிடம் போனில் சொன்னேன். அவன் சென்னையில் இருக்கிறான். "வித்துடுங்கப்பா. வேணும்னா கால் டாக்ஸி புக் பண்ணித் தரேன். உங்க கால் வலியோட எதுக்கு ரிஸ்க்கு?" என்றான். நியாயம்தான். மறுப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. வாங்கிக்கொள்ள ஆளும் பார்த்தாயிற்று. அரையாண்டு விடுமுறைக்கு மகன் குடும்பத்தோடு வந்தபோது, விற்பதற்கு முன் வண்டியைத் துடைத்துவைக்கலாம் என்று பேரனை அழைத்தேன். பதினாறு வயது. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிற பையன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து விளையாட்டாக ஒவ்வொரு பெடலாக மிதித்துப் பார்த்தான். கிளட்சை மிதித்தவன் நின்றான். மறுபடி மிதித்தான்.

"தாத்தா, இது ஜிம்ல லெக் பிரஸ் மாதிரி இருக்கு. இதையா நீங்க மிதிச்சு ஓட்டுறீங்க?"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் அப்பாவின் ஞாபகம் வந்தது.

அப்பா புதுச்சேரியில் ஆலைத் தொழிலாளி. தறி ஓட்டியவர். 1936 ஜூலை 30-ம் தேதி சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து பன்னிரண்டு பேர் இறந்தபோது அவர் வாலிபப் பையன். அந்தக் கதை எங்கள் வீட்டில் சாப்பாட்டோடு பரிமாறப்படும். பள்ளியில் நான் கற்ற பிரெஞ்சில் ஒரு சொல் உண்டு: 'தெபிரெயாஜ்'. வேலை நிறுத்தம் என்று அர்த்தம் சொன்னார்கள். பிற்பாடு பழைய பிரெஞ்சு மோட்டார் புத்தகம் ஒன்றில் அதே சொல்லைப் பார்த்தேன். அங்கே அதற்கு அர்த்தம் கிளட்சை விடுவிப்பது. 'ஆம்பிரெயாஜ்' என்றால் கிளட்ச். அப்பாவிடம் கேட்டேன். அவருக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியாது, ஆனால் விளக்கம் அவர்தான் சொன்னார். அந்தக் காலத்து ஆலையில் கூரைக்கு அடியில் ஒரு நீண்ட தண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தறிக்கும் அதிலிருந்து ஒரு பெல்ட் இறங்கும். தறியை நிறுத்தவேண்டும் என்றால் தண்டை நிறுத்தமுடியாது. கைப்பிடியைத் தள்ளி, பெல்ட்டைச் சும்மா சுற்றும் சக்கரத்துக்கு மாற்றவேண்டும். தண்டு சுற்றும், தறி நிற்கும். எல்லோரும் சேர்ந்து கைப்பிடியைத் தள்ளினால் அதுதான் வேலை நிறுத்தம். காரில் இருக்கும் கிளட்சும் இதே காரியத்தைத்தான் செய்கிறது. இன்ஜின் சுற்றிக்கொண்டே இருக்க, சக்கரத்தை மட்டும் பிரித்துவைக்கிறது.

அதோடு அவர் இன்னொன்றும் சொன்னார். பஞ்சுத் தூசியும் எண்ணெயும் சேர்ந்து அந்தக் கைப்பிடி நாளாக நாளாக இறுகிவிடுமாம். ஒரே நாளில் இறுகினால் தெரிந்துவிடும். மெதுவாக இறுகுவதால் தறிக்காரன் தன் தோள்தான் போய்விட்டது என்று நினைப்பான். வயதானவனாக இருந்தால் மேஸ்திரியும் அப்படியே நினைப்பார், ஆளை மாற்றிவிடுவார். "அதனால புதுப் பையனைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லிப் பார்ப்போம். அவனுக்கும் கனமா இருந்தா கைப்பிடி மேல குத்தம்" என்பார்.

அறுபது வருடம் முன்பு கேட்டது. பேரன் சொன்ன பிறகுதான் புரிந்தது.

எங்கள் மெக்கானிக் பாய்க்குப் போன் போட்டேன். அவர் வெளியூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். "இன்னா சார், பெடல் ஒட்டுதா? பயப்படாதீங்க. மூணு எடத்துல ஒண்ணுதான். நீங்களே பாத்துடலாம்" என்று சொல்லி முறையை விளக்கினார். எனக்கு அது உடனே பிடித்துப்போனது. கோப்பு எந்த மேஜையில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பது மாதிரிதான்.

முதல் மேஜை, பெடலும் அதன் கீலும். இரண்டாவது, பெடலிலிருந்து கியர்பாக்ஸ் வரை போகும் கிளட்ச் கேபிள். நம் பக்கத்தில் கிளட்ச் வயர் என்போம். மூன்றாவது, கியர்பாக்ஸ் மேல் இருக்கும் லீவர். நாம் பெடலை மிதித்தால் வயர் இழுக்கும், வயர் லீவரை இழுக்கும், லீவர் உள்ளே ஒரு பேரிங்கைத் தள்ளும், பேரிங் டயாப்ரம் ஸ்பிரிங்கை அழுத்தும், அப்போது கிளட்ச் தட்டு விடுபடும். காலை எடுத்தால் அந்த ஸ்பிரிங்கின் விசைதான் எல்லாவற்றையும் திரும்பத் தள்ளிப் பெடலை மேலே கொண்டுவருகிறது. நடுவில் எங்கே உராய்வு இருந்தாலும் போகும்போது கனக்கும், வரும்போது ஒட்டும். இரண்டும் ஒரே வியாதி.

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இன்ஜின் ஆறட்டும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்தோம். காலடி மிதியடியை எடுத்துப் போட்டோம். பெடல் ஒட்டுகிறது என்று வரும் வண்டிகளில் சிலவற்றில் மிதியடி சுருண்டு மாட்டியிருப்பதுதான் காரணமாம். பாய் சொன்னார்.

பானெட்டைத் திறந்து, லீவர் முனையில் இருந்த நட்டைத் தளர்த்தி வயரைக் கழற்றினேன். பெடல் பக்கம் கழற்றுவது என்னால் ஆகவில்லை. டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து மல்லாந்து படுக்கவேண்டும். பேரன் படுத்தான். நான் டார்ச் பிடித்தேன். என் மனைவி வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வயர் இல்லாமல் பெடலை ஒரு விரலால் தள்ளச் சொன்னேன். ஊஞ்சல் மாதிரி ஆடியது. முதல் மேஜையில் கோப்பு இல்லை. லீவரைக் கையால் அசைத்தேன். உள்ளே ஸ்பிரிங்கைத் தொடும் வரை இருக்கும் கொஞ்ச தூரமும் தடையில்லாமல் போய் வந்தது. அதற்கு மேல் கையால் தள்ள முயலவேண்டாம் என்று பாய் சொல்லியிருந்தார். மூன்றாவது மேஜையிலும் இல்லை.

வயரை வெளியே எடுத்து இரண்டு முனையையும் பிடித்து இழுத்துப் பார்த்தேன். ஊசித்துளையில் நூல் போகிற மாதிரி வழுக்கிப் போகவேண்டிய உள்கம்பி, வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. மேலுறையில் ரப்பர் மூடி கிழிந்து மழைத்தண்ணீர் இறங்கியிருந்தது. உள்ளே துரு. நான் விட்ட தையல் எண்ணெயில் தூசி சேர்ந்து களிம்பாக இருந்தது. பெடல் பக்கத்து முனையில் முறுக்குக் கம்பியின் இழைகள் பல அறுந்து, தேங்காய் நார் மாதிரி சுருண்டு உறைக்குள் குத்திக்கொண்டிருந்தன. ஒட்டியதற்குக் காரணம் அந்தச் சுருள்தான். முழுசாக இருந்த இழைகளைப் பேரன் எண்ணினான். நாலு. அந்த நாலு இழையை நம்பித்தான் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திருவண்ணாமலைக்குப் போய் வந்திருக்கிறேன்.

மறுநாள் திண்டிவனம் போய், பழைய வயரையே மாதிரியாகக் காட்டிப் புதியது வாங்கி வந்தோம். சில நூறு ரூபாய்தான். பூட்டுவதில் ஒரு தவறு செய்தோம். பழையது எந்த வழியாகப் போனது என்று பேரன் செல்போனில் படம் எடுத்திருந்தும், சுருக்கு வழியாக இருக்கிறதே என்று இரண்டு குழாய்களுக்கு நடுவே நுழைத்துவிட்டோம். பெடல் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது. வீடியோ காலில் பார்த்த பாய், "வயரை மடிச்சுட்டீங்க சார். வளைவு அகலமா இருக்கணும்" என்றார். கழற்றிப் பழைய வழியிலேயே விட்டோம். புது வயருக்கு எண்ணெய் விடாதீர்கள், உள்ளே வழுக்கும் உறை ஏற்கெனவே இருக்கிறது, எண்ணெய் தூசியைத்தான் கூப்பிடும் என்றும் சொன்னார்.

கடைசி வேலை நட்டை முறுக்கி அளவு வைப்பது. பெடலைக் கையால் அழுத்தினால், கனம் தட்டுவதற்கு முன் ஒரு விரற்கடை தூரம் சும்மா போகவேண்டும். அந்த இடைவெளியே இல்லாமல் இறுக்கிவிட்டால் கிளட்ச் எப்போதும் பாதி மிதித்த நிலையில் இருந்து தட்டு தேய்ந்துபோகும். அதிகமாக விட்டால் கிளட்ச் முழுசாகப் பிரியாமல் கியர் மாற்றும்போது கரகரக்கும். அளவு வைத்துப் பத்து இருபது முறை மிதித்துவிட்டு மறுபடி சரிபார்த்தோம். புது வயர் கொஞ்சம் நீண்டு உட்காரும் என்பதால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. ஊர் திரும்பியதும் பாயும் வந்து பார்த்துத் தலையாட்டினார். "கிளட்ச் தட்டும் பாதி வயசு ஆயிடுச்சு சார். தட்டு தேஞ்சாலும் பெடல் கனக்கும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார்.

பூட்டி முடித்ததும் நான் ஏறி உட்கார்ந்து மிதித்தேன். பெடல் கால் போன வேகத்துக்குப் போனது. பழக்கத்தில் அவ்வளவு பலமாக மிதித்திருந்தேன், கால் தரையில் இடித்தது. காலை எடுத்ததும் கூடவே மேலே வந்தது. தெருமுனை வரை ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினேன். முழங்காலில் ஒன்றும் தெரியவில்லை.

என் மனைவி வந்து கண்ணாடி ஓரம் நின்றாள். "இப்ப பல்லைக் கடிக்கலையே" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள். ஒன்றரை வருடமாக ஒவ்வொரு கியருக்கும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்ததை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். என்னிடம் சொன்னால் மனசு கஷ்டப்படும் என்று, தனக்கே போக விருப்பம் இல்லை என்று சொல்லிப் பயணங்களை நிறுத்தியிருக்கிறாள். மலையனூர் அமாவாசையும் அப்படித்தான், திருவண்ணாமலையும் அப்படித்தான். அவள் ஆசை குறைந்துவிட்டது என்று நான் எழுதி முடித்த குறிப்பு முழுக்கத் தவறு.

அந்த மூன்று மாதத்தில்தான் அக்கா அவளை மறந்தார். பதினைந்து நாளைக்கு ஒரு முறை போய் வந்திருந்தால் மறந்திருக்கமாட்டார் என்று நான் சொல்லவில்லை. அந்த நோய் யாருக்காகவும் நிற்பதில்லை. ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்ட கடைசி நாட்களில் ஐந்தாறு ஞாயிற்றுக்கிழமைகள் இவளுக்குக் கிடைத்திருக்கும். சில நூறு ரூபாய் வயர், அரை நாள் வேலை. இதை நினைக்காமல் இப்போதெல்லாம் அந்தப் பெடலில் கால் வைக்க முடிவதில்லை.

என் வயதுக்காரர்கள் இதைப் படிப்பதால் ஒன்று சொல்லவேண்டும். கிளட்ச் கனத்தால், கியர் கரகரத்தால், பெடல் மெதுவாக மேலே வந்தால், முதலில் வேறு யாரையாவது, சின்ன வயதுக்காரராகப் பார்த்து, நிறுத்திய வண்டியில் மிதிக்கச் சொல்லுங்கள். ஒட்ட ஆரம்பித்த பெடலோடு சாலைக்குப் போகாதீர்கள். நான் செய்த எண்ணெய் வைத்தியம் வேண்டாம். உங்கள் வண்டியில் வயருக்குப் பதில் ஹைட்ராலிக் கிளட்ச் இருந்தால் வீட்டில் கை வைக்காதீர்கள். அதில் பெடல் கீழேயே நின்றுவிட்டால் பெரும்பாலும் திரவம் கசிந்திருக்கும், அல்லது காற்று புகுந்திருக்கும். அது மெக்கானிக் வேலை.

அதற்காக எல்லாப் பழியையும் வயர் மேல் போட்டுவிடவும் இல்லை. மறுபடி டாக்டரிடம் காட்டினேன். தேய்மானம் உண்மைதான். இரவில் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். என் வயதில் லைசென்ஸை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை டாக்டர் சான்றிதழோடு புதுப்பிக்கவேண்டும். அடுத்த முறை அவர் எழுதமாட்டேன் என்றால் வாதாடமாட்டேன். அதுவரை மாதம் பிறந்ததும் பெடலைக் காலால் அல்ல, கையால் அழுத்திப் பார்க்கிறேன். வாங்க வந்தவரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டேன்.

இப்போது மறுபடி பதினைந்து நாளைக்கு ஒரு முறை திருவண்ணாமலை. அக்காவுக்கு இவள் யார் என்று தெரியவில்லை, ஆனால் இவள் வந்து உட்கார்ந்தால் கையை விடுவதில்லை. என்னை யார் என்று அவர் முடிவு செய்துவிட்டார். போன வாரம் கிளம்பும்போது மருமகளைக் கூப்பிட்டு, என்னைக் காட்டிக் கேட்டார்.

"டிரைவருக்குக் காபி குடுத்தீங்களா?"

குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.